எதிர்நீச்சல்: மாரிமுத்து இல்லாத குணசேகரனோடு இத்தனை நாள்

போன மாதம் எங்கள் வீட்டு டிவியில் படம் போய்விட்டது, சத்தம் மட்டும் வந்தது. டார்ச் லைட்டைத் திரையில் அடித்தால் உள்ளே நிழல் போல ஆட்கள் நடமாடுவது தெரியும், அவ்வளவுதான். பார்க்க வந்த மெக்கானிக், “பேக்லைட் போயிருச்சு ஆச்சி, மதுரையிலிருந்து வரணும், ரெண்டு நாள்ல மாட்டித் தந்துர்றேன்” என்றார். அந்த ரெண்டு நாள் பதினோரு நாள் ஆனது. போன் போட்டால் எடுக்கமாட்டார், எடுத்தால் நாளைக்கு என்பார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனாலும் அந்தப் பதினோரு ராத்திரியும் ஒன்பதரைக்கு டிவியைப் போட்டோம். இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எதிர்நீச்சல் நாடகத்தைக் கேட்டோம்.

இந்த நேரம் பார்த்துக் கோயமுத்தூரிலிருந்து சின்னாத்தா மகள் போன் பண்ணினாள். “ஆச்சி, எல்லாரும் பேசிக்கிறாங்களே, நான் இப்பப் புதுசா ஆரம்பிக்கலாமா? முதல் பாகம் பார்த்தாத்தான் புரியுமா, இல்ல நேரா ரெண்டாவது பாகமே பார்க்கலாமா?” எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். போனில் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

கதையை விரிக்கப் போவதில்லை. மதுரையில் ஒரு பெரிய வீடு, நாலு அண்ணன் தம்பி, நாலு மருமகள், எல்லாரையும் தன் கைக்குள் வைத்திருக்கும் மூத்தவர் ஆதி குணசேகரன். கோலங்கள் எடுத்த திருச்செல்வம்தான் இயக்குனர். 2022 பிப்ரவரி 7-ல் சன் டிவியில் ஆரம்பித்தது. 2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை, குணசேகரனாக நடித்த மாரிமுத்து மாரடைப்பில் இறந்துபோனார். வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். 2024 ஜூனில் முதல் பாகத்தை முடித்தார்கள். அதே வருடம் டிசம்பர் 23-ல் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று மறுபடி ஆரம்பித்தபோது ஜனனியாக நடித்த மதுமிதாவும் இல்லை, அவர் இடத்தில் பார்வதி. வீட்டை ஆண்டவரும் மாறிவிட்டார், அவரை எதிர்த்து நின்ற பெண்ணும் மாறிவிட்டாள். நாடகம் மட்டும் ஓடுகிறது. நானும் ஒரு நாள் விடாமல் பார்க்கிறேன்.

இனி எங்கள் அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் மற்றது புரியும். அப்பத்தாவுக்கு எண்பத்தெட்டு வயது. பார்வை மங்கி ஆறேழு வருடம் ஆகிறது. வெளிச்சம் தெரியும், ஆள் வருவது போவது தெரியும், முகம் தெரியாது. ஆனால் கை சும்மா இருக்காது. பனை ஓலையை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கொட்டான் என்கிற சின்னக் கூடை முடைவார். ஒரு ஓலை இன்னொன்றின் மேல் ஏறுவதையும் இறங்குவதையும் விரலே பார்த்துக்கொள்ளும். சாயம் போட்ட ஓலை மட்டும் நாங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும், சிவப்பா பச்சையா என்று அவருக்குத் தெரியாது. ரெண்டாங்கட்டில்தான் டிவி. பக்கத்துத் தூணில் சாய்ந்து ஒன்பதரைக்கெல்லாம் ஓலையோடு உட்கார்ந்துவிடுவார்.

மாரிமுத்து பேச ஆரம்பித்தால் அந்த விரல் நின்றுவிடும். ஊரே சொல்லித் திரிந்த அந்த “இந்தாம்மா ஏய்” வரும்போது மட்டும் இல்லை, சும்மா ஒரு வார்த்தை பேசினாலும் நிற்கும். அவர் தேனிப் பக்கம், வருசநாட்டுக்காரர். பேச்சில் அந்த மண்ணின் இழுவை இருக்கும். மிரட்டுவது யாருக்கும் வரும். அவர் மிரட்டிய அடுத்த மூச்சிலேயே குழைவார், தன் நியாயத்தைத் தானே எடுத்து வைப்பார், பாதி வார்த்தையில் நிறுத்தி எதிராளியைப் பேச விடுவார், அப்புறம் மறுபடி ஏறுவார். வீட்டுக்குள் பயம் என்பது அப்படித்தான் இருக்கும், அடுத்து என்ன வரும் என்று தெரியாது. “எங்க மாமனார் இப்படித்தான். சாப்பிடக் கூப்பிடுறதா திட்டுறதான்னு முதல் வார்த்தையில கண்டுபிடிக்க முடியாது” என்று அப்பத்தா ஒரு நாள் சொன்னார். அறுபது வருடத்துக்கு முந்தைய மாமனாரைப் பற்றி அதற்கு முன் அவர் எங்களிடம் வாய் திறந்ததே இல்லை.

மாரிமுத்துவின் மரணத்தில் ஒரு விஷயம் இன்றைக்கும் என்னை விடவில்லை. அன்று காலை சென்னையில் அவர் டப்பிங் பேசிக்கொண்டிருந்தது இதே நாடகத்துக்குத்தான். குணசேகரனுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோதே உடம்புக்கு முடியாமல் போய், தானே காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் ஜெயிலர் வந்து தியேட்டரில் அவரைப் பார்த்திருந்தோம். இரண்டு படம் இயக்கியவர், எத்தனையோ படத்தில் நடித்தவர், ஆனால் வீட்டுக்கு வீடு அவரைத் தெரிந்தது இந்த நாடகத்தால்தான். செய்தியை ஆத்தா, எங்கள் அம்மா, மெதுவாக அப்பத்தாவிடம் சொன்னார். அன்றைக்கு அப்பத்தா ஓலையைத் தொடவில்லை.

ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த காட்சிகள் தீர்ந்ததும், குணசேகரன் வீட்டில் இல்லை என்று சில வாரம் கதையை ஓட்டினார்கள். இந்த நாடகத்தில் எனக்குப் பிடித்த நாட்களே அவைதான் என்று சொன்னால் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆள் இல்லை, ஆனால் வீடு முழுக்க அவர் பேச்சாகவே இருந்தது. மருமகள்கள் சத்தமாகச் சிரித்துவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். நடித்தவர்களுக்கும் அது நிஜத் துக்கம்தானே. அதே நிலையில் இன்னும் இரண்டு மாதம் விட்டிருக்கலாம். வாரம் முழுக்க ஓடும் நாடகத்துக்கு அந்த அவகாசம் கிடையாது, அதுவும் எனக்குத் தெரியும்.

அக்டோபரில் வேல ராமமூர்த்தி வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ராமநாதபுரம் பக்கம் பெருநாழிக்காரர், எங்களுக்குப் பக்கத்துச் சீமை, நல்ல எழுத்தாளர். முகமும் மீசையும் பார்வையும் பார்த்தாலே ஆள் எழுந்து நிற்பான். அடுத்த படைப்புக்கு, அதாவது முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் நாளுக்கு, பங்காளிகள் எல்லாம் வந்திருந்த அன்று ராத்திரி இருபது பேருக்கு மேல் டிவி முன்னால் உட்கார்ந்தோம். சாப்பிட்டது போக மிஞ்சிய வெள்ளைப் பணியாரம் தட்டில் சுற்றி வந்தது. “ஆள் கம்பீரமாத்தான் இருக்காரு” என்றார் அப்பச்சி, எங்கள் அப்பா. மலேசியாவிலிருந்து வந்திருந்த பெரியம்மாவும் ஆமாம் என்றார். கண்ணால் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாக இருந்தது. குணசேகரன் கத்திக்கொண்டிருந்தார். அப்பத்தாவின் விரல் தன் பாட்டுக்கு முடைந்துகொண்டே இருந்தது. விளம்பரம் வந்ததும், “அவன் எப்ப வருவான்?” என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. குணசேகரன் அதுவரை கால் மணி நேரம் பேசியிருந்தார்.

என் ஆத்திரம் அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் தணியவில்லை. நடிகர் மேல் இல்லை, அவர் வாயில் கொடுத்த வசனத்தின் மேல். மாரிமுத்து அளவுக்குத் தைத்த சட்டையை அப்படியே எடுத்து இவருக்கு மாட்டிவிட்டார்கள். பிறகு அது பொருந்தவில்லை என்று தெரிந்து, பிரித்துத் தைக்காமல், சத்தத்தை மட்டும் கூட்டிவிட்டார்கள். வந்தால் உறுமல், போனால் உறுமல். அந்தக் குழைவு இல்லை, பாதியில் நிறுத்துவது இல்லை. அவர் நிறுத்தினால்தானே மருமகள்களில் நந்தினி ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல முடியும், ரேணுகா முணுமுணுக்க முடியும்? ஒருவர் மூச்சு விடாமல் கத்தினால் மற்றவர்கள் அழுவதைத் தவிர வேறென்ன செய்வார்கள்? ரெண்டாம் பாகத்தில் பாதி நேரம் அதுதான் நடக்கிறது.

ஜனனி மாறியது இந்த அளவுக்கு உறுத்தவில்லை. அப்பத்தா ஒரு வாரம் “இது யாரு?” என்று கேட்டார், அப்புறம் கேட்கவில்லை. எனக்கும் பத்து நாளில் பழகிவிட்டது. பார்வதி நன்றாகவே செய்கிறார். சித்தி 2 நாடகத்தில் சித்தியாக நடித்த ராதிகா 2021-லேயே விலகியபோது நாடகத்தின் பேருக்கே ஆள் இல்லாமல் போனது, அப்படியும் இளைய கதாநாயகி வெண்பாவை வைத்து 2022 வரை ஓட்டினார்கள். நானும் பார்த்தேன். கதாநாயகி போனால் அந்த இடத்துக்கு இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்து கதையைத் தள்ளிவிடலாம் போல. எல்லாரும் எந்தக் குரலுக்குப் பயந்து பேசினார்களோ அந்தக் குரல் போனால் மற்ற அத்தனை பேரின் பேச்சும் இளைத்துவிடுகிறது.

முதல் பாகத்தை நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். குணசேகரன் வீட்டுப் பட்டம்மாள் அப்பத்தாவுக்கு 40 சதவீதச் சொத்து. பாம்பே ஞானம் நடித்தார். அந்த நாற்பது யாருக்கு என்று நாடகத்தில் இழுத்த மாதங்களில் எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதம் கொஞ்சமா? எங்களுக்கு இந்த வீட்டில் ஒன்பதில் ஒரு பங்கு. கூரை ஓடு மாற்ற வேண்டுமென்றால்கூட ஒன்பது பேரிடமும் கேட்க வேண்டும், அதில் மூன்று பேர் வெளிநாட்டில். அதனால் பங்கு என்ற பேச்சு வந்தாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். “கிழவி கையெழுத்துப் போட்டுரக் கூடாது” என்று எங்கள் அப்பத்தா டிவியைப் பார்த்து எச்சரிப்பார்.

இன்னொன்று, வேறு வைப்பது. எங்கள் வழக்கத்தில் கல்யாணமான மகனையும் மருமகளையும் அதே வீட்டில் தனியாக வேறு வைத்துவிடுவார்கள். ஒரே வளவு, அதாவது ஒரே உள் முற்றம், ஒரே வாசல், ஆனால் அவரவருக்குத் தனி அடுப்பு, தனி அரிசி பருப்பு, செலவுக் கணக்கும் தனி. மாமியார் அடுப்பு இந்தப் பக்கம் எரியும், மருமகள் அடுப்பு அந்தப் பக்கம். எதிர்நீச்சலில் நாலு மருமகளும் ஒரே சமையல்கட்டில் வேகுவதைப் பார்த்து ஆத்தாவுக்கு ஆறவே ஆறாது. “வேறு வச்சிருந்தா இந்தக் கதைக்கே வேலை இல்ல” என்பார். ஆனால் எனக்கு இந்த நாடகத்தில் கடைசி வரை குறையாத சந்தோஷம் அந்தச் சமையல்கட்டுதான். ஹரிப்பிரியாவும் பிரியதர்ஷினியும், அதாவது நந்தினியும் ரேணுகாவும், பாத்திரத்தை உருட்டிக்கொண்டே பேசும் பேச்சு நடிப்பு மாதிரியே தெரியாது. படம் இல்லாத பதினோரு நாளில் இது இன்னும் நன்றாகத் தெரிந்தது. கரண்டிச் சத்தமும் அந்த ரெண்டு குரலும் வளவு வரைக்கும் கேட்கும்போது, உள்ளே நிஜமாகவே யாரோ சமைக்கிறார்கள் என்று தோன்றும்.

ஏழாவது ராத்திரி என்று நினைக்கிறேன். வழக்கம் போல இருட்டுத் திரை, அப்பத்தா மடியில் ஓலை. குணசேகரன் யாரிடமோ தணிந்த குரலில் பேசினார். கத்தல் இல்லை, பின்னணி இசையும் பெரிதாக இல்லை. கரகரப்பான, கொஞ்சம் களைத்த குரல். ஒரு நிமிஷம்கூட இருக்காது. நான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். அப்பத்தாவின் விரல் நின்றிருந்தது. பச்சை ஓலை ஒன்று பாதி நுழைந்தபடி அப்படியே இருந்தது.

“இப்பத்தான் வீட்டு ஆம்பள மாதிரிப் பேசுறான்” என்றார்.

அடுத்த காட்சியில் மறுபடி உறுமல். ஓலை மறுபடி ஓடியது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. ஆக, இவராலும் முடியும். மாரிமுத்து மாதிரி வேண்டாம், அது யாருக்கும் வராது. இவருக்கென்று ஒரு குரல் இருக்கிறது, தணிந்த குரல். அதைக் கேட்டு எழுத வேண்டியவர்கள் இத்தனை நாளாகக் கேட்கவே இல்லை.

சின்னாத்தா மகளே, உனக்குப் பதில் இதுதான். முதல் பாகத்தை முதலிலிருந்து பார், 2023 செப்டம்பர் வரை விடாமல் பார். அதற்கடுத்து, அந்த ஆள் இல்லாத வாரங்களையும் பார். அதோடு நிறுத்திக்கொள். ரெண்டாம் பாகம் வேண்டாம். நந்தினிக்காகவும் ரேணுகாவுக்காகவும் பார்க்கலாமே என்று நான் மேலே எழுதியதைக் காட்டிக் கேட்பாய். அவர்கள் பேசுவது வாரத்தில் எத்தனை நிமிஷம்? அதற்காக உன் ராத்திரியைக் கொடுக்காதே. ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாய், தூங்கு.

நாங்கள் பார்ப்போம். மெக்கானிக் ஒரு வழியாக வந்து மாட்டிவிட்டுப் போய்ப் பத்து நாள் ஆகிறது. படம் பளிச்சென்று வருகிறது. ஒன்பதரைக்கு எல்லாரும் திரையைப் பார்க்கிறார்கள், நான் அப்பத்தாவின் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேற்று நிற்கவில்லை.