வைச்சுப்ரூஃப்: அந்த ‘அக்செப்டபிள்’தான் தலைவலி

கிரிப்டோ லைப்ரரியை ரீஃபாக்டர் செய்துவிட்டு (செயல் மாறாமல் உள்ளமைப்பை மாற்றி எழுதிவிட்டு) வைச்சுப்ரூஃப் வெக்டர்களை ஓட்டினால் போதுமா? வைச்சுப்ரூஃப் என்பது கிரிப்டோ பிழைகளைப் பிடிக்கும் டெஸ்ட் தொகுப்பு; வெக்டர் என்பது உள்ளீடும் எதிர்பார்க்கும் முடிவும் சேர்ந்த ஒரு டெஸ்ட் கேஸ். பல ரீஃபாக்டர்களில் ஓட்டிப் பார்த்தவரை, போதாது. காரணம் ‘அக்செப்டபிள்’ (ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம்) என்ற ஒற்றைச் சொல்.

இருவர் ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொள்ள உதவும் எக்ஸ்25519 முறைக்கான கோப்பில், லோ-ஆர்டர் பாயிண்ட் (யார் ரகசிய விசையோடு சேர்த்தாலும் விடை பூஜ்யமாகும் பலவீனமான புள்ளி) பொது விசையாக வரும் கேஸ்களுக்கு ‘வேலிட்’டும் கிடையாது, ‘இன்வேலிட்’டும் கிடையாது, இந்த மூன்றாவது முத்திரைதான். அவற்றில் பகிர்ந்த ரகசியம் 32 பைட்டும் பூஜ்யமாக வரும். அதைச் சோதிக்கலாம் என்கிறது எக்ஸ்25519-க்கான இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 7748, பாதுகாப்பான இணைய இணைப்புக்கான டிஎல்எஸ் 1.3-இன் ஆர்எஃப்சி 8446 சோதித்தே ஆக வேண்டும் என்கிறது. ஆகவே வெக்டர் எழுதியவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் வழக்கமாக எழுதப்படும் ரன்னர் (வெக்டர்களை ஓட்டும் நிரல்), லைப்ரரி ஏற்றாலும் பாஸ், மறுத்தாலும் பாஸ் என்று போட்டுவிடும். நிரலை இடம் மாற்றும்போது அந்தப் பூஜ்யச் சோதனை கழன்று விழுந்தாலும் திரை முழுக்கப் பச்சை. எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத இடம் இது.

இதற்கு வழி: ரீஃபாக்டருக்கு முந்தைய கமிட்டில் (சேமித்த பதிப்பில்), ஒவ்வொரு டெஸ்ட் எண்ணுக்கும் ஏற்றதா மறுத்ததா, வெளிவந்த பைட்டுகள் என்ன என்று ஒரு கோப்பில் எழுதி அதையும் கமிட் செய்யுங்கள். ரீஃபாக்டருக்குப் பிறகு மீண்டும் ஓட்டி, இரண்டுக்கும் டிஃப் (வேறுபாடு) பாருங்கள். ஒரு வரி மாறியிருந்தாலும் காரணம் தெரியாமல் மெர்ஜ் கூடாது. ஓடிய டெஸ்ட்களையும் ஓட்டாமல் தாண்டியவற்றையும் கூட்டினால் வெக்டர் கோப்பின் தலையில் உள்ள மொத்த எண் வர வேண்டும். ஜிசிஎம் என்ற குறியாக்க முறையில், ஐவி (ஒவ்வொரு செய்திக்கும் மாறும் தொடக்க மதிப்பு) 12 பைட் இல்லாத டெஸ்ட் குழுக்களைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும் ரன்னர்கள் உண்டு. ஈசிடிஹெச் (இன்னொரு ரகசியப் பகிர்வு முறை) கோப்பில் தனி விசை முன்னால் 00 ஒட்டி 33 பைட்டாகவும் வரும். அதை 32 ஆக்காமல் லைப்ரரியில் பிழை தேடாதீர்கள்.

இவ்வளவு திட்டியும், வைச்சுப்ரூஃப் இல்லாமல் கையொப்ப நிரலில் கை வைக்க மாட்டேன். ஜாவா 15-இல் ஈசிடிஎஸ்ஏ என்ற மின்கையொப்ப முறையை சி++-இலிருந்து ஜாவாவுக்கு மாற்றி எழுதியபோது, கையொப்பத்தின் இரு எண்களான ஆர், எஸ் பூஜ்யமா என்ற சோதனை விட்டுப்போனது. வெறும் பூஜ்யங்களாலான கையொப்பம் எந்தச் செய்திக்கும் செல்லுபடியானது. திருத்தம் 2022 ஏப்ரலில்தான் வந்தது. அந்தப் பூஜ்யக் கேஸ்கள் இந்தத் தொகுப்பில் இருக்கின்றன.

செய்தி மாற்றப்படவில்லை என்று காட்டும் டேக்கின் ஒப்பீடு மட்டும் மெம்கம்ப்பாக (முதல் வேறுபாட்டிலேயே நின்று, எடுத்த நேரத்தால் ரகசியத்தைக் கசியவிடக்கூடிய ஒப்பீடு) மாறிப்போனால் ஒரு வெக்டரும் சிவக்காது. அங்கே வால்கிரைண்ட் (ஓடும் நிரலின் நினைவகப் பயன்பாட்டைக் கண்காணிக்கும் கருவி) வேண்டும். விசை பைட்டுகளை ‘மதிப்பு வைக்கப்படாதவை’ என்று குறித்து ஓட்டினால், ரகசியத்தைப் பார்த்துக் கிளை பிரியும் வரியை அது காட்டிக்கொடுக்கும். ஏற்பதா மறுப்பதா என்ற கடைசி விடையிலிருந்து மட்டும் அந்தக் குறியை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் சரியான நிரலுக்கும் எச்சரிக்கை வரும்.