பிஎஸ்6 லாரி வச்சிருக்கிறவங்க கவனத்துக்கு: சைலன்சர் சத்தம்னு போய் 46,800 ரூபாய் போச்சு

46,800 ரூபாய். டீசல், டோல், படி, டியூ எல்லாம் போக இந்தக் காசு கையில நிக்கணும்னா ஒரு லாரிக்காரன் எவ்வளவு ஓடணும்னு உங்களுக்கே தெரியும். வயிறு எரியுது, அதான் எழுதறேன்.

நாமக்கல்ல சொந்தமா ஒரு லாரி வச்சு நானே ஓட்டறேன். ஆறு சிலிண்டர், பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி). கொஞ்ச நாளா ஐடிலிங்ல நிக்கிறப்ப சைலன்சர் பக்கம் 'கிர்ர்ர்'னு ஒரு தகரச் சத்தம். ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சா நின்னுரும், காலை எடுத்தா திரும்ப வந்துரும். லோடு ஏத்துற இடத்துல, டோல் வரிசையில, பொழுதுக்கும் இதே இம்சை.

பைபாஸ் ஓரம் எல்லா கம்பெனி லாரியும் பார்க்கிற பெரிய பட்டறை. கம்ப்யூட்டர், ஒரே மாதிரி சட்டை போட்ட பசங்க. ஹெட் மெக்கானிக் "வாங்கண்ணா, டீ சாப்பிடுங்க"ன்னு உட்கார வச்சான். நீள ஸ்க்ரூடிரைவரை சைலன்சர் பாக்ஸ் மேல வச்சு, பிடியைக் காதுல ஒட்டி, கண்ணை மூடிக் கேட்டான். வண்டியை உள்ள விட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு உள்ளங்கையில செராமிக் துண்டுங்களைக் கொண்டாந்து காட்டினான். தேன்கூடு மாதிரி பொடிப் பொடி ஓட்டை, கன்னங்கரேல்னு இருந்துச்சு.

"அண்ணா, பாக்ஸுக்குள்ள உடைஞ்சு உருளுதுங்ணா. கம்பெனியில புதுசு மாத்தினா லட்சக்கணக்குல ஆகும். நம்ம வண்டிங்கிறதால சொல்றேன், ரீகண்டிஷன் பாக்ஸ் போட்டு 46,800ல முடிச்சுத் தர்றேன்."

துண்டைக் கையில வச்சுக் காட்டுறான், எவன் நம்பமாட்டான்? காசைக் கட்டினேன். கச்சா சீட்டுதான் கொடுத்தாங்க, ஜிஎஸ்டி பில்லு "சாயங்காலம் வாட்ஸ்அப்ல வரும்ணா". இன்னிக்கு வரைக்கும் வரலை.

வண்டியை ஸ்டார்ட் பண்ணினா அதே கிர்ர்ர்! "ஓட ஓட செட் ஆயிடும்ணா"ன்னான். ஒரு டிரிப் போயிட்டு வந்து கேட்டா "இன்ஜின் மவுண்ட் ரப்பர் போயிருக்கும், அது தனி வேலை". அடுத்த தடவை "மேனேஜர் ஊர்ல இல்லை". அதுக்கப்புறம் போனையே எடுக்கறதில்லை.

கடைசில லாரிப் பேட்டையில ஒரு பெரியவர்தான் பார்த்தார். வண்டியை ஐடிலிங்ல விட்டுட்டு, ஒரு நீள மரக்கட்டையை எடுத்து ஒவ்வொரு இடமா அழுத்திக்கிட்டே வந்தார். டர்போவுல இருந்து இறங்குற பைப்பைச் சுத்தி இருக்கிற ஹீட் ஷீல்டு, அதாவது சூடு தடுக்கிற தகட்டை அழுத்தினதும் சத்தம் கப்புனு நின்னுச்சு. தகட்டோட வெல்டு விட்டிருக்கு, அவ்வளவுதான். இன்ஜின் ஆறினதும் ரெண்டு ஸ்டீல் ஹோஸ் கிளிப்பைப் போட்டு இறுக்கினார். கூலியோட 200 ரூபாய். ஐடிலிங் 600 ஆர்பிஎம்னா ஆறு சிலிண்டர்ல நொடிக்கு 30 தடவை வெடிப்பு, அந்த அதிர்வுக்குத்தான் லூஸ் தகடு ஆடும், ரேஸ் ஏத்தினா அடங்கிடும்னு விளக்கமும் சொன்னார்.

அதோட விடலை. புகைக்குழாய்க்குள்ள விரலை விட்டு எடுத்துக் காட்டினார், விரல் பூரா கரி. பிஎஸ்6 வண்டியில டிபிஎஃப், அதாவது சைலன்சர் பாக்ஸுக்குள்ள இருக்கிற கரி வடிகட்டி, ஒழுங்கா இருந்தா அங்க கரியே ஒட்டாது. முன்னாடி என் குழாய் சுத்தமாத்தான் இருந்துச்சு, டேஷ்போர்டுல ஒரு லைட்டும் எரிஞ்சதில்லை. இப்ப மஞ்ச லைட்டு அணையவே மாட்டேங்குது, மேட்டுல பிக்அப் செத்துப்போச்சு. அப்ப என் பாக்ஸ் நல்லாத்தான் இருந்திருக்கு! அதுக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம் பூச்சு இருக்கு, ஸ்கிராப்புல அதுக்கு நல்ல விலை. என் பழைய பாக்ஸ் எங்கடான்னு நேர்ல போய்க் கேட்டேன். "ஸ்கிராப் வண்டியில போயிருச்சுங்ணா"ன்னு மொபைலைப் பார்த்துக்கிட்டே சொல்றான்.

சத்தத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு படத்தோட விவரமா எழுதலாம்னு உட்கார்ந்தேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்லை. தகடு, கிளாம்ப், தொங்கு ரப்பர், ஃப்ளெக்சிபிள் பைப், முதல்ல இதையெல்லாம் கட்டையால அழுத்திப் பாருங்க, கையை வச்சுராதீங்க, வெந்துரும். பாக்ஸைக் கழட்டறாங்கன்னா பக்கத்துலயே நில்லுங்க. அதுல இருக்கிற நம்பரை போட்டோ எடுத்துக்குங்க. பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வண்டியில ஏத்துங்க. ஜிஎஸ்டி பில்லு கைக்கு வராம ஒரு ரூபாய் கொடுக்காதீங்க.

சொந்தமா ஓட்டிப் பிழைக்கிறவனும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். 1915ங்கிற தேசிய நுகர்வோர் உதவி நம்பர்ல புகார் பதிஞ்சிருக்கேன். 46,800 ரூபாயையும் என் பாக்ஸையும் விடறதா இல்லை.