ரத்தப் பரிசோதனையா, பயாப்சியா?

அண்ணனுக்கு மாற்றுச் சிறுநீரகம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ரத்தம் கொடுக்கப் போவதென்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும், ஏனென்றால் உடம்பு புதுச் சிறுநீரகத்தை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை, இரவு மருந்து எடுத்து 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஒருமுறை பழக்கதோஷத்தில் மைலோவோடு மாத்திரையையும் விழுங்கிவிட்டார், அன்று போனது வீண்.

ரத்தப் பரிசோதனை சுலபம், அடிக்கடி செய்யலாம். ஆனால் அது சொல்வது மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும்தான், உடம்பு சிறுநீரகத்தைத் தாக்குகிறதா என்பதை அல்ல. தம்புன் பம்பளிமாஸ் தின்றால்கூட அந்த அளவு ஏறிவிடலாம் (அண்ணனுக்கு அதில்தான் பெரிய வருத்தம்). சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் சேரும் கழிவான கிரியேட்டினினும் பெரும்பாலும் சேதம் ஆன பிறகுதான் ஏறும்.

பயாப்சி அப்படியல்ல. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் சிறுநீரகத்திலிருந்து நூல் போல ஒரு துணுக்கு எடுத்து, 1991இல் கனடாவின் பான்ஃப் நகரில் தொடங்கிய வகைப்பாட்டின்படி, நிராகரிப்பு எந்த வகை, எவ்வளவு தீவிரம் என்றே சொல்லிவிடுவார்கள். சரி, ரத்தக்கசிவு ஆபத்து? உண்டு. மணிக்கணக்கில் மல்லாந்து படுக்கவும் வேண்டும், வாராவாரம் குத்த முடியாது.

என்னைக் கேட்டால் வழக்கத்துக்கு ரத்தம். கிரியேட்டினின் காரணமில்லாமல் ஏறி, மருத்துவர் பயாப்சி என்றால் தள்ளிப்போடாதீர்கள். மருந்தே இல்லாமல் உடம்பு உறுப்பை ஏற்கும் நிலை கல்லீரலில் சிலருக்கு வாய்க்கிறது, சிறுநீரகத்தில் அபூர்வம். அண்ணன் கைப்பேசியில் எட்டு மணி மாத்திரை அலாரம் இன்னும் அடிக்கிறது.