பழைய சோபாவை விற்கப் போய் 19,000 போச்சு

கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. நேற்று சாயங்காலம் நடந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு மாறுகிறோம். புது வீட்டு முன்பணத்துக்குக் கொஞ்சம் குறைந்தது. யாரும் உட்காராத சோபா, ஓட்டாத சைக்கிள், பரணில் கிடந்த இரண்டு மின்விசிறி, இதையெல்லாம் விற்றால் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பழைய பொருள் விற்கும் ஒரு ஆப்பில் படம் எடுத்துப் போட்டேன். சைக்கிள் அன்றைக்கே போனது. நேரில் வந்து, பணத்தை எண்ணிக் கொடுத்து, ஓட்டிக்கொண்டே போனார்கள். அந்தத் தைரியம்தான் என்னைக் கெடுத்தது.

சோபாவுக்கு 9,500 போட்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் ஒருவர் கூப்பிட்டார். பேரமே பேசவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அக்கா, கிழிசல் ஏதாவது இருக்கிறதா?" என்றார். கைப்பிடியில் பூனை பிறாண்டியதை நானே சொன்னேன். சிரித்தார். "எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது அக்கா. எப்படியும் அது கிழிக்கத்தான் போகிறது." அந்தச் சிரிப்பில் விழுந்துவிட்டேன். மாடிப்படி எவ்வளவு அகலம், வண்டி வாசல் வரை வருமா என்றெல்லாம் விசாரித்தார். வாங்குகிறவன்தானே இதையெல்லாம் கேட்பான்?

"வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், முழுப் பணத்தையும் இப்போதே போடுகிறேன்" என்று ஒரு க்யூஆர் கோடு அனுப்பினார். அதை ஸ்கேன் செய்தால் பணம் என் கணக்குக்கு வருமாம். தயங்கினேன். "சரி, முதலில் 5 மட்டும் போட்டுப் பாருங்கள், 10 வரும்" என்றார். போட்டேன். வந்தது! அடுத்த கோடு வந்தது. திரையில் 9,500, யாரோ ஒருவரின் பெயர், கீழே 'செலுத்து' என்ற பொத்தான். படித்தேன். படித்துவிட்டுத்தான் பின் நம்பரை அழுத்தினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பணம் போனதாகக் குறுஞ்செய்தி. நான் பதறினேன், அவன் பதறவில்லை. (இனி என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது, அவன்தான்.) "சர்வர் மாட்டிக்கொண்டது அக்கா, இன்னொரு தடவை செய்யுங்கள், இரண்டும் சேர்ந்து திரும்பிவிடும்." இன்னொரு 9,500. ஆக 19,000. மூன்றாவது கோடு வந்தபோது என் தம்பி ஃபோனைப் பிடுங்கிவிட்டான்.

அப்புறம் பட்டது அதைவிடப் பெரிது. வங்கியின் உதவி எண்ணில் இருபது நிமிஷம் பாட்டு. எடுத்த பெண், "நீங்களே பின் நம்பர் போட்டிருக்கிறீர்கள் மேடம்" என்று புகார் எண் கொடுத்து வைத்துவிட்டார். அந்த ஆப்புக்கு ஃபோன் நம்பரே கிடையாது. சாட்டில் எழுதினால் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." மறுபடி எழுதினேன், அதே வரி, ஒரு எழுத்து மாறவில்லை. மூன்றாவது தடவை, பணப் பரிமாற்றம் தங்கள் ஆப்புக்கு வெளியே நடந்ததால் பொறுப்பேற்க முடியாது என்று பதில். கூடவே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி! காவல் நிலையத்தில் எழுதி வாங்கியவர் நிமிர்ந்து பார்த்து, "19,000 தானா?" என்றார். தானா! வீட்டில் வேண்டாத சாமான் மொத்தத்தையும் விற்றாலும் எனக்கு 19,000 வந்திருக்காது.

இப்படி விற்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு ஓடவில்லை. பணம் வாங்க பின் நம்பர் வேண்டாம், போட்டால் பணம் போகும். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறவர்தான் பணம் கொடுப்பவர், பணம் பெறுபவர் இல்லை. பொருளைப் பார்க்காமல் முழுப் பணம் தருகிறேன் என்றால் ஃபோனை வைத்துவிடுங்கள். பணம் போட்டுவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாலும் நம்பாமல் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். ஏமாந்துவிட்டால் அந்த நிமிஷமே வங்கிக்குச் சொல்லுங்கள். நான் அவன் எடுப்பான், எடுப்பான் என்று இரண்டு மணி நேரம் அவனுக்கே ஃபோன் போட்டுக்கொண்டிருந்தேன்.

சோபா கூடத்தில் அப்படியே கிடக்கிறது. விளம்பரத்தை எடுக்க மறந்துவிட்டேன். இன்று காலையில் வேறு நம்பரிலிருந்து ஒரு செய்தி: "அக்கா, சோபா இருக்கிறதா? விலை ஓகே. பணத்தை இப்போதே போடுகிறேன்."