பயறா, பாசியா, மல்லிகையா: செடி சுவாசிப்பதை எந்தச் சோதனை சரியாகக் காட்டுகிறது?

பெங்களூரு அல்சூரில் என்னிடம் பாடம் படிக்க வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர், "செடிகள் பகலில் ஆக்சிஜனையும் இரவில் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடும்" என்று மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அதிலிருந்து, செடி இரவில் மட்டுமே சுவாசிக்கிறது என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். உண்மையில் செடியின் உயிருள்ள செல்கள் இரவு பகல் பாராமல் சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறுகின்றன. ஆகவே செல் சுவாசத்தைக் காட்டும் சோதனைகளை ஒப்பிடும்போது, எது எளிது என்பதோடு, இந்தத் தவறான எண்ணத்தை எது களைகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பள்ளிகளில் அதிகம் செய்யப்படுவது முளைகட்டிய பச்சைப்பயறும், கார்பன் டை ஆக்சைடு பட்டால் வெண்மையாகக் கலங்கும் சுண்ணாம்பு நீரும் கொண்ட சோதனை. வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பில் ஒரு கரண்டியை நீரில் கலக்கி, இரவு முழுவதும் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் வடிகட்டிக் கொண்டால் போதும். அந்த நீரைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, பயறு உள்ள புட்டியில் வைத்து இறுக மூடினால், சில மணி நேரத்தில் நீரின் மேல் மெல்லிய வெள்ளை ஆடை படர்ந்து, பிறகு நீர் கலங்கத் தொடங்கும். சாதாரணக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடே இத்தகைய ஆடையை உண்டாக்கிவிடும் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க வேகவைத்த (உயிரற்ற) பயறு கொண்ட இன்னொரு புட்டி இல்லாமல் இந்தச் சோதனைக்குப் பொருளில்லை. அதையும் அன்றே முடித்துவிட வேண்டும். மறுநாள்வரை விட்டால் வெந்த பயறில் பெருகும் நுண்ணுயிரிகளே நீரைக் கலக்கிவிடும்.

செலவு குறைவு, முடிவு தெளிவு. ஆனால் இரண்டு குறைகள் உண்டு. நீரில் மூழ்கிக் கிடக்கும் பயறு ஆக்சிஜன் கிடைக்காமல் நொதித்தும் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். சுண்ணாம்பு நீருக்கு இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாது. மேலும், பயறு பச்சைச் செடி அல்ல என்பதால், பிள்ளைகளின் பழைய நம்பிக்கை அப்படியே நிற்கிறது.

முதல் குறையைத் தீர்ப்பது சுவாசமானி: பயறை மூடிய குழாயில் வைத்து, உள்ளே காற்றின் அளவு மாறுவதை அதோடு இணைந்த நுண்குழாயில் காட்டும் கருவி. பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நனைத்த பஞ்சு கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்வதால், உள்ளே காற்றின் அளவு குறைந்தால் அது ஆக்சிஜன் செலவானதையே குறிக்கும்; நுண்குழாயிலுள்ள வண்ணத் துளி பயறை நோக்கி நகரும் தூரத்தை அளக்கவும் முடியும். பெங்களூரின் மிதமான வானிலை இதற்கு உதவுகிறது என்றாலும், குழாயைக் கையால் பிடித்தாலே துளி இடம் மாறிவிடும். எனவே அதே பருமனுக்குக் கண்ணாடி மணிகள் இட்ட இணைக்குழாய் கட்டாயம். தோலை அரிக்கும் காரம் என்பதால் பஞ்சை ஆசிரியரே கையாள வேண்டும். மேல்நிலை வகுப்புகளுக்கு இதைவிடச் சிறந்ததில்லை. முளைப்பயறை தெர்மாஸ் பிளாஸ்க்கில் வைத்து வெப்பம் உயர்வதைப் பார்ப்பது நல்ல துணைச் சோதனை, அவ்வளவே.

பச்சைச் செடியையே எடுத்துக்கொள்ள விரும்பினால் வேலம்பாசி என்ற நீர்ச்செடி இருக்கிறது. 1779இல் யான் இங்கன்ஹவுஸ் என்ற அறிவியலாளர், ஒளியில் காற்றைத் தூய்மையாக்கும் பச்சைப் பகுதிகள் இருளில் அதைக் கெடுக்கின்றன என்று எழுதியதை, கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால் நிறம் மாறும் புரோமோதைமால் நீலம் என்ற சாயம் கலந்த இரு சோதனைக் குழாய்களில் நாமே பார்க்கலாம். கருங்காகிதம் சுற்றிய குழாயில் நீலம் மெல்லப் பச்சையாகி மஞ்சளை நோக்கிச் செல்லும். வெயிலில் உள்ளது நீலமாகவே இருக்கும். இங்குள்ள பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதிலுள்ள பைகார்பனேட் நிறமாற்றத்தைத் தடுத்து நிறுத்துவதால், காய்ச்சி வடித்த நீரில் சமையல் சோடாவை மிகச் சிறிதளவே சேர்த்து நீல நிறத்துக்குக் கொண்டுவருவது நல்லது. ஆயினும், "இருட்டில்தான் சுவாசிக்கிறது, பார்த்தீர்களா?" என்று பிள்ளைகள் சொல்லிவிடும் ஆபத்து இதில்தான் மிகுதி.

அதனால் நான் முதலில் செய்துகாட்டுவது மல்லிகை மொட்டுகளைத்தான். சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டில் காலையில் வாங்கிய மொட்டுகளைப் பாதிப் புட்டி நிரப்பி, சுண்ணாம்பு நீர்க் கிண்ணத்தோடு மூடி, நல்ல வெளிச்சமுள்ள சன்னலோரம் வைக்கிறேன். பக்கத்தில் அதேபோன்ற இன்னொரு புட்டியில் துளசிக் கொத்து. மொட்டுகளில் ஒளிச்சேர்க்கை மிகக் குறைவு என்பதால், பட்டப்பகலிலேயே அந்த நீர் வெளுக்கிறது; துளசிப் புட்டியில் ஏறக்குறையத் தெளிவாகவே நிற்கிறது. பிறகு துளசிப் புட்டியின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்தினால், மல்லிகையைவிட மெதுவாக அதுவும் கலங்கும். துணி சுவாசத்தைத் தொடங்கிவைக்கவில்லை, ஒளிச்சேர்க்கையை நிறுத்தியதால் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த சுவாசம் வெளித்தெரிந்தது என்பதை மல்லிகையைப் பார்த்த பிள்ளைகள் தாமாகவே சொல்கிறார்கள்.