பழைய ஜீப் கதவுக் கீல்: கன்மெட்டல் புஷ் ஏற்காட்டு ரோட்டில் எப்படித் தாங்குகிறது?

டிரைவர் பக்கக் கதவு இறங்கிவிட்டால் பல பட்டறைகளில் முதலில் கை போவது ஸ்ட்ரைக்கருக்குத்தான், அதாவது கதவுப் பூட்டு போய் மாட்டும் தூணில் உள்ள கொக்கிக்கு. அதைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தால் கதவு சாத்திக்கொள்ளும். கீல் தேய்வது மட்டும் நிற்காது.

கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கம் அடியில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். கீலின் இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஆட்டம் இருந்தால் பின்னும் (கீலின் நடுக் கம்பி) புஷ்ஷும் (அதைச் சுற்றி இருக்கும் குழல்) போச்சு. தகடே தூணிலிருந்து அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் தகரம் கிழிந்திருக்கும். அது டிங்கர் வேலை.

ஒரு கதவுக்குப் பொதுவாக 2 பின், 4 புஷ். ரிவெட் அடித்த கீலாக இருந்தால் இதெல்லாம் ஆகாது, முழுக் கீலையே மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் புஷ் சீக்கிரம் நசுங்கிவிடுகிறது. சேலத்தில் லேத்துக்குப் பஞ்சமில்லை. பின்னை ஈஎன்8 என்ற ஸ்டீல் கம்பியிலும் புஷ்ஷைக் கன்மெட்டல் என்ற வெண்கல வகையிலும் கடையச் சொல்லுங்கள். பழைய பின்னைத் தேயாத இடத்தில் வெர்னியர் வைத்து அளக்க வேண்டும், தேய்ந்த இடத்து அளவைக் கொடுத்தால் புதுசும் ஆடும். கீல் ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால் ரீமர் (ஓட்டையைச் சீவி அளவாக்கும் கருவி) விட்டு வட்டமாக்கி, வெளிவிட்டம் கூடிய புஷ் போட வேண்டும். வைஸில் அழுத்தி ஏற்றியதும் புஷ்ஷின் உள்துளை சற்றுச் சுருங்கும். கடைசி ரீமர் அதற்குப் பிறகுதான். புதுப் பின், கட்டைவிரல் அழுத்தத்தில் வழுக்கி இறங்கணும், ஆடக்கூடாது.

கழற்றும்போது கதவுக்கடியில் ஜாக், மேலே மரக்கட்டை, துணி. ஒரு கீலை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் கதவை நேர்நிறுத்தவே பாதி நாள் போய்விடும். பின்னின் தலை மேல்பக்கம் இருக்கட்டும். கீழே உள்ள லாக் போனாலும் பின் விழாது.

முதல் தடவை சாத்துவதற்கு முன் ஸ்ட்ரைக்கரைத் தளர்த்த மறக்காதீர்கள். கதவு இப்போது உயர்ந்துவிட்டது. பழைய இடத்திலேயே விட்டால் பூட்டு அதில் மோதும்.

மழைக்காலங்கள் தாண்டியும், ஏற்காட்டு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கியும் கன்மெட்டலில் ஆட்டம் வரவில்லை. கீலைக் கெடுப்பது வளைவுகளைவிட எஸ்டேட் சரிவில் வண்டியை மூக்கு கீழே பார்க்க நிறுத்துவதுதான். கைவிட்ட கதவு தன் எடையிலேயே ஸ்டாப்பரில் போய் அறையும். கதவைப் பிடித்துத் தொங்கி ஏறுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மண்பாதையில் கெட்டி கிரீஸ் தூசியைப் பிடித்து உப்புத்தாள் மாதிரி அரைக்கும். மாதம் ஒருமுறை துடைத்துவிட்டு இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் போதும்.