வீடு திருத்தப் போறீங்களோ: நாள் சம்பளமா, கூலிக் கொன்ராக்டா, முழுக் கொன்ராக்டா?

கனடாவில இருக்கிற சித்தியின்ர ஊர் வீட்டைத் திருத்துற பொறுப்பு எங்களிட்ட வந்தது. முன்பக்கம் பழைய ஓட்டு வீடு, பின்னால பேந்து கட்டின சிலாப், ரெண்டும் ஒழுக்கு. மூண்டு விதமாவும் விலை கேட்டுப் பாத்திட்டு கூலிக் கொன்ராக்ட்தான் குடுத்தம். சாமான் எங்கட, வேலை மட்டும் மேசன்மாரின்ர. ஆர் கேட்டாலும் இப்ப நான் அதைத்தான் சொல்லுவன்.

நாள் சம்பளத்தைப் பற்றிக் கன கதையில்லை. நாலு ஓடு மாத்த, ஒரு பைப் அடைக்க அதுதான் சரி. பெரிய வேலையெண்டா நீங்கள் காலமை தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் பக்கத்தில நிக்கோணும், ஏலாதெண்டா ஒரு கிழமை வேலை மூண்டு கிழமைக்கு இழுபடும்.

முழுக் கொன்ராக்ட் வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்குக் கேக்க நல்லா இருக்கும், ஒரு தொகையைச் சொல்லி முடிச்சுத் திறப்பைத் தாறம் எண்டுவினம். ஆனா களவு நடக்கிறது பெரும்பாலும் சாமானிலதான், அந்தச் சாமான் முழுக்க அவையின்ர கையில. 12 மில்லிக் கம்பி எண்டு பேசிப்போட்டு 10 மில்லியைக் கட்டினா, கொங்கிறீற் போட்ட பிறகு ஆர் கண்டது? 20 அடிக் கம்பி 12 மில்லியெண்டா அஞ்சு கிலோவுக்கு மேல நிக்கும், 10 மில்லி நாலு கிலோவும் வராது, ஒண்டைத் தராசில வைச்சாலே தெரிஞ்சிடும். மணலும் அப்பிடித்தான். கடற்கரைப்பக்க மணலைக் கழுவாமப் போட்டா, இல்லாட்டி உவர்க் கிணத்துத் தண்ணியில குழைச்சா, உப்பு உள்ள போய்க் கம்பி கறள் பிடிக்கும், கறள் பிடிச்ச கம்பி பருத்துக் கொங்கிறீற்றைத் தள்ளும். எங்கட பக்கம் கன வீடுகளில சிலாப்புக்குக் கீழ பொரிஞ்சு விழுறது இப்பிடித்தான்.

சாமானை நீங்களே வாங்கினா இதில பாதிப் பிரச்சினை இல்லை. பில் உங்கட பேரில வரும். மணல் இறக்க முதல் டிப்பர் பெட்டியை டேப் பிடிச்சு அளவுங்கோ, ஒரு கியூப் எண்டா 100 கன அடி, பெட்டி 10 அடி நீளம் 5 அடி அகலமெண்டா மணல் மட்டமா 2 அடி உயரம் நிக்கோணும். அதோட ஈர மணல் பொம்மி நிக்கும், அளவு கூடக் காட்டும், அதையும் மனசில வையுங்கோ.

ஆனா கூலிக் கொன்ராக்டிலயும் ஒரு ஆபத்து இருக்கு. அவைக்குக் கெதியா முடிச்சாத்தான் லாபம், அதால அவசரப்படுத்துவினம், கொங்கிறீற் இறுகத் தண்ணி ஊத்த வேண்டிய ஏழு நாளில ரெண்டு நாள்தான் ஊத்துவினம். அதுக்குத்தான் காசு குடுக்கிற முறை. என்னைக் கேட்டா எல்லாத்திலயும் முக்கியம் இதுதான், எந்த மாதிரிக் கொன்ராக்ட் எண்டதை விடவும் இது முக்கியம். முற்பணம் எண்டு பெரிய தொகையைக் குடுக்காதேங்கோ, சாமான் உங்கடயெண்டா அவைக்கு அது தேவையுமில்லை. ஓடு இறக்கி மரம் மாத்தினா இவ்வளவு, ஓடு ஏத்தினா இவ்வளவு, பூச்சு முடிஞ்சா இவ்வளவு எண்டு பிரிச்சு, அந்தந்த வேலை முடிஞ்ச அண்டைக்கே குடுத்திடுங்கோ, இழுத்தடிக்கிறது பாவம், அவையும் அண்டாடம் உழைச்சுச் சாப்பிடுற ஆக்கள். கடைசியாப் பத்தில ஒரு பங்கை மட்டும் மாரி மழை பாக்கும்வரைக்கும் வைச்சிருங்கோ. இஞ்ச நாங்கள் கூரை வேலை செய்யிறது வெயில் காலத்தில, மழை வாறது ஐப்பசி கார்த்திகையில, முழுக்காசையும் ஆவணியில குடுத்தா ஒழுகேக்க ஆர் வருவினம்?

மேசன் அண்ணைக்கு இது முதல் பிடிக்கேல்லை.

"என்ன தம்பி, எங்களில நம்பிக்கை இல்லையோ?"

"நம்பிக்கை இல்லாட்டி வேலையே தந்திருக்க மாட்டம் அண்ணை, மழைக்குத்தான் பயம்."

யோசிச்சுப்போட்டு ஓமெண்டார். ஐப்பசியில முதல் பெருமழைக்கு முகட்டோட்டுப் பூச்சில ஒரு இடம் வெடிச்சுச் சொட்டினது, கோல் எடுத்தன், அடுத்த நாள் தானே ஏறிக் கொத்திப் பூசிவிட்டார். மழை விட்டாப் பிறகு மிச்சக்காசைக் கையில குடுத்தம், இப்பவும் அந்த வீட்டுக்கு அவர்தான்.

சிலாப்புக்கு மாரி வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. பீலி வாயை அடைச்சு ரெண்டு அங்குலத்துக்குத் தண்ணி கட்டி ஒரு நாள் விட்டிட்டு, கீழ போய் ஈரம் இருக்கோ எண்டு பாத்தாக் காணும்.

இன்னொண்டு, பழைய கைமரம். வைரம் பாஞ்ச பனையெண்டா நுனியில மட்டும் உக்கியிருக்கும், அதை வெட்டிப்போட்டு இன்னும் ஒரு தலைமுறைக்குப் பாவிக்கலாம். "எல்லாம் பழுது, நாங்களே ஏத்திக்கொண்டு போறம்" எண்டு சொன்னா விடாதேங்கோ, அந்த மரத்துக்கும் பழைய ஓட்டுக்கும் நல்ல விலை இருக்கு. கழட்டுற சாமான் வீட்டுக்காரருக்கு எண்டு முதலே எழுதுங்கோ. கொப்பித்தாளில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சாலும் காணும், பேந்து மத்தியஸ்த சபைக்குப் போக வந்தா அந்தத் தாள்தான் கதைக்கும். கடையில சாமான் பிழையெண்டா நுகர்வோர் அதிகார சபையின்ர 1977 நம்பருக்கு அடிக்கலாம்.

அத்திவாரத்தில இருந்து புது வீடு கட்டுறதெண்டா கதை வேறயா இருக்கலாம், எங்களுக்கு அந்த அனுபவம் இல்லை, அங்க முழுக் கொன்ராக்ட் லேசாயும் இருக்கும். வயரிங்கும் நாங்கள் கனக்கச் செய்விக்கேல்லை, என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் இருக்கிற ஆளாப் பாத்துத்தான் பிடிச்சம், அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ.